இருக்கையும் திட்டமும்: இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு நிதியின் வரலாறு

1857ஆம் ஆண்டு கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் தொடங்கப்பெற்ற பல்கலைக்கழகங்கள், அக்காலத்து இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு, கல்லூரிகளை இணைத்துக்கொள்வதையும் தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதையுமே தம் பணியாகக் கொண்டிருந்தன. ஆசிரியர்கள் இணைப்புக் கல்லூரிகளில் ஊதியம் பெற்றுப் பாடம் நடத்தினர். ஆய்வு அவர்களுடைய பணிக் கடமைகளுள் ஒன்றாக எண்ணப்படவில்லை. கல்கத்தாவின் பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் கற்பித்த ஜகதீச சந்திர போஸ், வகுப்புகள் போக எஞ்சிய நேரத்தில், தொடக்கத்தில் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டே மின்காந்த அலைகளைப் பற்றிய சோதனைகளை நடத்தினார் என்பது அன்றைய நிலையைக் காட்டப் போதுமானது. வைசிராய் கர்சன் காலத்தில் இயற்றப்பட்ட 1904ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டம், பேராசிரியர்களை நியமிக்கவும் ஆய்வுக்கூடங்களை அமைக்கவும் பல்கலைக்கழகங்களுக்கு அதிகாரம் வழங்கியது. ஆயினும் அந்த அதிகாரத்தைச் செயற்படுத்துவதற்கான பணத்தை அரசு போதிய அளவில் தர முன்வரவில்லை. ஆய்வுக்கென வெளியிலிருந்து நிதி தேடும் வழக்கம் இந்த இடைவெளியிலிருந்தே பிறந்தது.

அவ்வாறு வந்த நிதி வரலாற்றில் இரு வடிவங்களைக் கொண்டது. முதலாவது அறக்கட்டளைக் கொடை. அதாவது, மூலதனத்தைக் கரைக்காமல் அதன் வருவாயைக் கொண்டு ஒரு பேராசிரியர் இருக்கையை நிலையாக நடத்துவதற்கு அளிக்கப்படும் பணம். இரண்டாவது திட்ட நல்கை. அதாவது, ஓர் ஆசிரியர் குறிப்பிட்ட கேள்வியொன்றை முன்வைத்து விண்ணப்பித்து, மூன்று ஆண்டு அல்லது ஐந்து ஆண்டு என வரையறுத்த காலத்துக்குள் செலவிட்டுக் கணக்கு ஒப்படைக்க வேண்டிய பணம். முன்னது ஆளையும் இடத்தையும் நம்பித் தரப்படுவது. பின்னது கேள்வியை மதிப்பிட்டுத் தரப்படுவது. சென்ற நூற்றாண்டில் இந்தியப் பல்கலைக்கழகங்கள் முதல் வடிவத்திலிருந்து இரண்டாம் வடிவத்துக்கு ஏறக்குறைய முழுமையாக நகர்ந்தன. அந்த நகர்வில் பெற்றவை பல என்றாலும் இழந்தவை போதிய அளவு பேசப்படவில்லை.

முதல் வடிவத்தின் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு கல்கத்தாவில் அமைந்தது. 1906 முதல் 1914 வரை துணைவேந்தராக இருந்த அசுதோஷ் முகர்ஜி, உயர்நீதிமன்ற நீதிபதியாகவும் பணியாற்றியவர் ஆதலால், நகரின் செல்வ வளம் மிக்க வழக்கறிஞர்களை நன்கு அறிந்திருந்தார். 1912இல் தாரக்நாத் பாலித் என்னும் வழக்கறிஞர் நிலமும் பணமுமாக ஏறத்தாழ 15 இலட்சம் ரூபாய் மதிப்புள்ள சொத்தைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார்; அடுத்த ஆண்டே ராஷ்பிகாரி கோஷ் என்னும் மற்றொரு வழக்கறிஞர் 10 இலட்சம் ரூபாய் வழங்கினார். இவ்விரு கொடைகளையும் அடித்தளமாகக் கொண்டு 1914 மார்ச்சு மாதம் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இருக்கைகளில் அமர்வோர் இந்தியராகவே இருத்தல் வேண்டும் என்று பாலித் விதித்த நிபந்தனை, உயர் கல்விப் பணிகளில் ஐரோப்பியருக்கே முன்னிடம் அளிக்கப்பட்ட அக்காலத்தில் துணிவு மிக்கதாகும். ஒரு நாட்டின் அறிவாற்றலின் மீது தனி மனிதர் ஒருவர் வைத்த நம்பிக்கை அதில் வெளிப்பட்டது.

பாலித் இயற்பியல் இருக்கை, அப்போது கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியாகப் பணியாற்றிக்கொண்டிருந்த சந்திரசேகர வெங்கட ராமனுக்கு அளிக்கப்பட்டது. ஊதியம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பதை அறிந்தே அவர் 1917இல் அதனை ஏற்றார். நியமிக்கப்படுபவர் வெளிநாடு சென்று பயிற்சி பெற்று வருதல் வேண்டும் என்று இருந்த விதிக்கு அவர் உடன்பட மறுத்தபோது, அசுதோஷ் அவருக்காக அவ்விதியைத் தளர்த்தினார். 1876இல் மகேந்திரலால் சர்க்கார் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி நிறுவிய இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகத்தின் பௌபஜார் தெருக் கட்டடத்திலேயே ராமனின் சோதனைகள் தொடர்ந்தன. 1928இல் ஒளிச்சிதறல் விளைவு கண்டறியப்பட்டதும் அங்கேதான். ஊதியம் ஒரு கொடையிலிருந்தும் கூடம் மற்றொரு கொடையிலிருந்தும் வந்தன. எந்தக் கேள்வியை ஆராய்வது, எத்தனை ஆண்டுகளில் முடிப்பது என்று அவரிடம் எவரும் எழுதி வாங்கவில்லை. 1921இல் ஒளிச்சிதறலில் தொடங்கிய தேடல் ஏழு ஆண்டுகளுக்குப் பின் பலித்தது என்பதை எண்ணிப் பார்க்கும்போது, மூன்று ஆண்டுக் காலவரையறை ஒன்று அவர்மீது சுமத்தப்பட்டிருப்பின் அந்தத் தேடல் எந்நிலையில் நின்றிருக்கும் என்ற கேள்வி எழாமல் இராது.

அதே காலத்தில் சென்னையில் நிகழ்ந்த ஒன்று, இரண்டாம் வடிவத்தின் மிக முந்திய சாயலைக் கொண்டிருந்தது. சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக இருந்த சீனிவாச ராமானுஜனுக்கு, பட்டம் பெறாதவர் என்ற தடையைக் கடந்து, 1913 மே முதல் மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு ஆய்வு உதவித்தொகை வழங்கச் சென்னைப் பல்கலைக்கழகம் முடிவு செய்தது. அவர் ஆசிரியர் அல்லர் என்றாலும், அந்த உதவித்தொகையோடு இணைந்து வந்த நிபந்தனை இன்றைய ஆய்வாளர் ஒவ்வொருவரும் அறிந்ததே: மூன்று மாதங்களுக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை ஒப்படைத்தல் வேண்டும். 1913 ஆகஸ்டு, நவம்பர், 1914 மார்ச்சு ஆகிய மாதங்களில் ராமானுஜன் ஒப்படைத்த மூன்று அறிக்கைகளும் வரையறுத்த தொகையீடுகளை மதிப்பிடுவதற்கு அவர் கண்ட பொதுமுறை ஒன்றை விளக்குகின்றன. அம்முறை இன்று அவர் பெயராலேயே தலைமைத் தேற்றம் என வழங்குகிறது. அவ்வறிக்கைகளின் மூலப்படிகள் தொலைந்துபோய், 1925இல் எடுக்கப்பட்ட கைப்படியின் வழியாகவே அவை பிற்காலத்துக்குக் கிடைத்தன. நிதி வழங்குவோர் கேட்டுப் பெறும் அறிக்கைகளுள் கணித வரலாற்றில் இடம்பெற்றவை இவற்றைப் போல் வேறு பல இருத்தல் அரிது. 1914இல் அவர் கேம்பிரிட்ஜ் செல்வதற்கு ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை அளித்ததும் இதே பல்கலைக்கழகமே.

அரசுப் பணத்தைக் கொண்டு ஆய்வாளருக்கு நேரடியாக நல்கை வழங்கும் அமைப்பு இந்தியாவில் முதலில் மருத்துவத் துறையில் தோன்றியது. 1911இல் நிறுவப்பட்ட இந்திய ஆய்வு நிதிச் சங்கம், பிரித்தானியாவின் மருத்துவ ஆய்வுக் குழுவுக்கே இரண்டு ஆண்டுகள் மூத்தது. 1949இல் இதுவே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமாகப் பெயர் மாறியது. கல்கத்தாவின் காம்பெல் மருத்துவப் பள்ளி ஆசிரியராக இருந்த உபேந்திரநாத் பிரம்மச்சாரி, இச்சங்கத்தின் சிறு நல்கையைப் பெற்று, மின்சாரமும் எரிவாயுவும் குழாய்நீரும் இல்லாத சிற்றறை ஒன்றில் மண்ணெண்ணெய் விளக்கொளியில் உழைத்து, யூரியா ஸ்டிபமைன் என்னும் ஆண்டிமனிச் சேர்மத்தை உருவாக்கினார். வங்காளத்திலும் அசாமின் தேயிலைத் தோட்டங்களிலும் ஊர் ஊராக உயிர்களைக் கொண்டுசென்ற காலா ஆசார் காய்ச்சலுக்கு அம்மருந்து தீர்வாக அமைந்தது. ஒரு நல்கையின் பயனை உயிர்களைக் கொண்டு அளக்கலாம் எனில், இந்திய ஆய்வு நிதியின் வரலாற்றில் இதற்கு ஈடாகக் கூறத்தக்கது வேறொன்றைக் காண்பது கடினம்.

எல்லா ஆசிரியர்களுக்கும் இத்தகைய வாய்ப்பு அமையவில்லை. விண்மீன்களின் நிறமாலையை விளக்கும் வெப்ப அயனியாக்கச் சமன்பாட்டை 1920இல் தந்த மேகநாத் சாகா, 1923இல் அலகாபாத் சென்றபின் தம் கோட்பாட்டைச் சோதிப்பதற்கு வேண்டிய கருவிகளின்றிப் பல ஆண்டுகளைக் கழித்தார். 1927இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பின்னரே, மாகாண ஆளுநர் அவருக்கு ஆண்டுக்கு 5000 ரூபாய் ஆய்வு நல்கை ஒதுக்கினார். வெளியிலிருந்து அங்கீகாரம் வந்த பிறகே உள்ளூர் நிதி அசைந்தது என்னும் இந்த வரிசைமுறை சாகாவின் மனத்தில் ஆழமாகப் பதிந்திருத்தல் வேண்டும். பல்கலைக்கழகங்களின் வறுமையைப் பற்றி அவர் பிற்காலத்தில் எழுதியவற்றிலும் பேசியவற்றிலும் காணப்படும் கூர்மைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

தொழில் நிறுவனங்கள் ஆசிரியரை நாடிவந்து நிதி வழங்கிய முதல் பெரிய நிகழ்வு லாகூரில் நடந்தது. ராவல்பிண்டிக்கு அருகில் எண்ணெய்க்கிணறு தோண்டிய அட்டாக் எண்ணெய் நிறுவனம், துளையிடும் குழாயின் வழியே செலுத்திய சேற்றுக் கலவை நிலத்தடி உப்போடு சேர்ந்தவுடன் இறுகிக் கட்டியாகித் துளையிடும் வேலையே நின்றுபோகும் இடரை எதிர்கொண்டது. துளையிலிருந்து பாறைத் துகள்களை மேலே கொண்டுவருவதும் துளையின் சுவர் சரியாமல் காப்பதும் அக்கலவையின் பணி. அது இறுகினால் எந்திரத்தின் வலிமையால் ஆவது ஒன்றுமில்லை. பஞ்சாப் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் சாந்தி சுவரூப் பட்நாகர், இதனைக் கூழ்மங்களின் வேதியியல் சார்ந்த சிக்கலாகக் கண்டு, இந்திய மரப்பிசின் ஒன்றைக் கலவையில் சேர்த்து அது இறுகாதவாறு செய்தார். எண்ணெய் நிறுவனத்தின் சார்பில் இலண்டன் ஸ்டீல் பிரதர்ஸ் 1,50,000 ரூபாயை அவருக்கு அளிக்க முன்வந்தபோது, அப்பணம் தமக்கு வேண்டாம், பல்கலைக்கழகத்துக்கே வரட்டும் என்று அவர் கேட்டுக்கொண்டதால், லாகூரில் பெட்ரோலிய ஆய்வுத் துறை ஒன்று உருவாகி, மெழுகின் நாற்றத்தை நீக்குதல், மண்ணெண்ணெய்ச் சுடரின் உயரத்தைக் கூட்டுதல் முதலிய ஆய்வுகள் அங்கே நடந்தன. வெளி நிதி தனியொருவரின் வருவாயாகாமல் நிறுவனத்தின் வளமாக வேண்டும் என்னும் நெறியை எந்த விதியும் கட்டாயப்படுத்தாத காலத்தில் அவர் தாமாகவே கடைப்பிடித்தார்.

பட்நாகரின் இப்பணியே அவரை இரண்டாம் உலகப் போரின்போது தில்லி அரசின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. வைசிராயின் நிர்வாக அவையில் வணிகத்துறைப் பொறுப்பாளராக இருந்த ஆற்காடு இராமசாமி முதலியாரின் முயற்சியால் 1940 ஏப்ரலில் அறிவியல் தொழில் ஆராய்ச்சி வாரியம் அமைந்தது. 1942இல் அது அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகமாக வளர்ந்தது. ஆண்டுக்குப் 10 இலட்சம் ரூபாய் என ஐந்து ஆண்டுகளுக்குத் தொழில் ஆராய்ச்சி நிதி ஒன்றை 1941 நவம்பரில் மத்தியச் சட்டமன்றம் ஏற்றது. தொடக்கத்தில் இந்தப் பணத்தின் ஒரு பகுதி பல்கலைக்கழக ஆசிரியர்களின் திட்டங்களுக்குச் சென்றது. விடுதலைக்குப்பின் நிலை மாறியது: புது தில்லியில் இயற்பியல், புணேயில் வேதியியல், சென்னையில் தோல் எனப் பட்நாகர் காலத்திலேயே பன்னிரண்டு தேசிய ஆய்வுக்கூடங்கள் எழுந்தன, அணு ஆற்றல் துறை தனக்கெனத் தனி வழி அமைத்துக்கொண்டது.

சாகா இதனை வெளிப்படையாக எதிர்த்தார். மாணவர்கள் வந்துபோகும் இடத்திலிருந்து ஆய்வைப் பிரித்து, மாணவர் இல்லாத கட்டடங்களில் அதனைக் குடியேற்றுவது பல்கலைக்கழகங்களை வெறுமையாக்கும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். ராமன் அரசு நிதியையே ஏற்க மறுத்து, 1948இல் பெங்களூரில் தனி நிறுவனம் கண்டார். இவ்விருவரையும் தம் பங்கு கிட்டாத மனக்குறையாளர்கள் என ஒதுக்கிவிட இயலாது. ஏனெனில் புதிய அமைப்பின் தலைமைச் சிற்பிகளுள் ஒருவரான ஹோமி பாபாவே 1966 சனவரியில், விமான விபத்தில் இறப்பதற்குச் சில நாள்களுக்கு முன் ஆற்றிய உரையில், தேசிய ஆய்வுக்கூடங்கள் பல்கலைக்கழகங்களிலிருந்து நல்ல ஆள்களை ஈர்த்துக்கொண்டதைக் குறையாகச் சுட்டினார். அந்தக் குறை இன்றும் முழுமையாகச் சீர்செய்யப்படவில்லை.

பல்கலைக்கழகங்களுக்கென 1953 டிசம்பரில் தொடங்கிவைக்கப்பட்டு 1956இல் சட்டத் தகுதி பெற்ற பல்கலைக்கழக மானியக் குழு, கட்டடம், நூலகம், புதிய பணியிடம் ஆகியவற்றுக்கே தன் பணத்தின் பெரும்பகுதியைச் செலவிட்டது. கொடையாளர்களின் காலமும் அப்போது முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. அழகப்பச் செட்டியார் 1950இல் சென்னையில் தம் செலவில் நிறுவிய ராமானுஜன் கணித நிறுவனம், 1957இல் அவர் மறைந்த சூழலில் மூடப்படும் நிலையை அடைந்தது. வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் அமெரிக்காவிலிருந்து நேருவுக்கு எழுதி உதவி வேண்டினார். அதன்பின் சென்னைப் பல்கலைக்கழகம் அந்நிறுவனத்தை ஏற்றுக்கொண்டது. நிலையான மூலதனம் ஒதுக்கப்படாமல் கொடையாளரின் ஆண்டு வருவாயைச் சார்ந்திருந்த நிறுவனத்துக்கு நேர்ந்த இந்த நிலை, முதல் வடிவத்தின் பலவீனத்தையும் மறைக்காமல் காட்டுகிறது.

அதே சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில், பலவகை நிதிகள் ஒரே இடத்தில் கூடியபோது என்ன நிகழும் என்பதற்குச் சான்று உண்டு. நெடுங்காலத் துணைவேந்தரான ஆற்காடு இலட்சுமணசாமி முதலியார், ராமனின் பரிந்துரையை ஏற்று, முப்பது வயதை எட்டியிருந்த ஜி. என். இராமச்சந்திரனை 1952இல் பேராசிரியராக அழைத்துவந்து, எக்ஸ்-கதிர்க் கருவிகளுக்குப் பல்கலைக்கழகப் பணத்தை ஒதுக்கினார். ஆய்வுக்கான கொலாஜன் என்னும் தசைநார்ப் புரத மாதிரிகள் அருகிலேயே இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கிடைத்தன. தேசிய ஆய்வுக்கூடமும் பல்கலைக்கழகமும் ஒன்றுக்கொன்று உதவிய அரிய இணைப்பு இது. 1954இல் கோபிநாத் கர்த்தாவுடன் அவர் வெளியிட்ட கொலாஜனின் மும்முறுக்கு வடிவமும், 1963இல் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் வெளியிட்ட, புரதச் சங்கிலி எவ்வெக்கோணங்களில் மடங்க இயலும் என்பதைக் காட்டும் வரைபடமும் உலகெங்கும் பாடநூல்களில் இடம்பெற்றன. அவருடைய துறை மானியக் குழுவின் உயராய்வு மையங்களுள் ஒன்றாக உயர்த்தப்பட்டது. 1960களில் அமெரிக்கத் தேசிய நலவாழ்வுக் கழகங்களின் நல்கையும் துணைநின்றது.

அமெரிக்க நல்கைகள் இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு அக்காலத்தில் எளிதில் கிட்டியதற்குப் பின்னால் கோதுமை இருந்தது. பி.எல். 480 என்னும் அமெரிக்கச் சட்டத்தின்கீழ் 1956 முதல் இந்தியா இறக்குமதி செய்த உணவுத் தானியத்துக்கான விலை ரூபாயாகவே செலுத்தப்பட்டு, அமெரிக்க அரசின் பெயரில் இந்தியாவிலேயே குவிந்தது. வெளியே எடுத்துச் செல்ல இயலாத அந்த ரூபாயின் ஒரு பகுதி மருத்துவம், வேளாண்மை முதலிய துறைகளில் இந்திய ஆசிரியர்களின் திட்டங்களுக்கு வழங்கப்பட்டது. அதே பணத்தில்தான் 1962 முதல் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழி நூல்கள் வாங்கப்பட்டு அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களுக்கு அனுப்பப்பட்டன. சிகாகோவிலும் பெர்க்லியிலும் தமிழ் ஆய்வு வேரூன்றியதில் அந்தப் புத்தகப் பொதிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. 1974 பிப்ரவரியில் அமெரிக்கத் தூதர் மொய்னிகன் 1664 கோடி ரூபாய்க்கான காசோலையை இந்திய அரசிடம் வழங்கித் தேங்கிய நிதியின் பெரும்பகுதியைத் தீர்த்தபின், இந்த ஊற்று படிப்படியாக வற்றியது.

அதற்குள் உள்நாட்டு அமைப்பு ஒன்று உருப்பெற்றிருந்தது. 1971இல் அறிவியல் தொழில்நுட்பத் துறையும், 1974இல் அதன் கீழ் அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி மன்றமும் தோன்றின. விண்ணப்பத்தை அதே துறையைச் சேர்ந்த வல்லுநர்கள் படித்து மதிப்பிட்டு, குழுவின்முன் ஆசிரியரை அழைத்துக் கேள்வி கேட்டு, தகுதியானதைத் தேர்வு செய்யும் ஒப்பார் மதிப்பீட்டு முறை இம்மன்றத்தின் வழியே நிலைபெற்றது. துணைவேந்தரின் தயவோ செல்வரின் அறிமுகமோ இல்லாத ஓர் இளம் விரிவுரையாளர், தம் கேள்வியின் வலிமையை மட்டும் கொண்டு கருவி வாங்கவும் ஆய்வு மாணவரை அமர்த்தவும் முடிந்தது என்பது சிறிய மாற்றம் அன்று. இந்தியக் கல்வி வரலாற்றில் அது ஒரு மெய்யான சமத்துவ நடவடிக்கை.

ஆயின் இந்த வடிவத்துக்கே உரிய பாரமும் உடன் வந்தது. நல்கை பெறும் ஆசிரியர் முதன்மை ஆய்வாளர் எனப்படுகிறார். பணம் அவர் கைக்கு வராமல் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு வந்து, கருவி, வேதிப்பொருள், ஆய்வு உதவியாளரின் மாதத் தொகை, பயணம், சில்லறைச் செலவு, நிறுவன மேற்செலவு எனத் தலைப்பு வாரியாகப் பிரிகிறது. ஒரு தலைப்பில் மிஞ்சியதை மற்றொன்றில் செலவிட முன்னனுமதி வேண்டும். நிதியாண்டு மார்ச்சு 31இல் முடிந்தவுடன், ஆய்வாளர், நிதி அலுவலர், பதிவாளர் ஆகியோர் கையொப்பமிட்ட பயன்பாட்டுச் சான்றிதழ் தில்லிக்குச் சென்று ஏற்கப்பட்ட பின்னரே அடுத்த தவணை விடுவிக்கப்படும். அது வரும்வரை ஆய்வு மாணவர்கள் மாதக்கணக்கில் உதவித்தொகையின்றி ஆய்வுக்கூடத்துக்கு வந்துபோவதும், சொந்தப் பணத்தில் வேதிப்பொருள் வாங்கிய ஆசிரியர் அதனைத் திரும்பப் பெற அலுவலகப் படிகளில் ஏறியிறங்குவதும் இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் வழக்கமான காட்சிகள். பொதுப்பணத்துக்குக் கணக்குக் காட்டுதல் கடமையே. அக்கடமையின் சுமையை ஆய்வு செய்பவரின் தோளிலேயே முழுவதும் ஏற்றியதுதான் பிழை.

2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் மன்றத்தின் பணியை ஏற்றது. 2023இல் இயற்றப்பட்ட சட்டத்தால் அதுவும் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் அடங்கியது. ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாய் எனத் திட்டமிடப்பட்ட இந்த அமைப்பின் நிதியில் 14,000 கோடியை மட்டுமே மத்திய அரசு தர, மீதி தொழில் நிறுவனங்கள் உள்ளிட்ட பிற வழிகளிலிருந்து வர வேண்டும் என்பது அன்றைய கணிப்பு. ஆய்வு நிதியின் பெரும்பங்கு சில மத்திய நிறுவனங்களுக்கே சென்று, மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் படிக்கும் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு மிகச் சிறு பங்கே கிடைத்தது என்ற உண்மையை ஏற்றுக்கொண்டே இவ்வமைப்பு உருவாக்கப்பட்டது. முன்னணி நிறுவனமொன்று மையமாக நின்று மாநிலப் பல்கலைக்கழகங்களைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் கூட்டுத் திட்டமும் அதன் முதல் முயற்சிகளுள் ஒன்று. ஆனால் இத்தகைய திட்டங்களுள் பெரும்பாலானவற்றில் நிரந்தரப் பணியிலுள்ள ஆசிரியரே முதன்மை ஆய்வாளராக முடியும் என்பது விதி. ஓய்வு பெற்றோரின் இடங்கள் ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படாமல், கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டே வகுப்புகள் நடக்கும் துறைகளில், எவ்வளவு பெரிய நிதி அறிவிக்கப்பட்டாலும் விண்ணப்பத்தில் கையொப்பமிடத் தகுதியுடைய ஓர் ஆசிரியரும் இருப்பதில்லை.